மேல்நிலை வகுப்பில் சமூகவியல்: கள்ளக்குறிச்சியிலிருந்து ஒரு வேண்டுகோள்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



மேல்நிலைக் கல்வி பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். பரந்த அந்தப் பொருளை ஒரே கோரிக்கையாகச் சுருக்கிக்கொள்கிறேன். தமிழ்நாட்டின் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புகளில் சமூகவியல் தனிப்பாடமாக வர வேண்டும். வரும்போது அது இந்த மாவட்டத்தில், அதிலும் கல்வராயன் மலைமேல் இருக்கும் பள்ளிகளில், முதலில் தொடங்கப்பட வேண்டும். இதற்கான காரணங்களை ஒவ்வொன்றாக உங்கள்முன் வைக்கிறேன்.

1. வேதியியல் சொல்லும் பாதி

2024 ஜூன் மாதத்தை இந்த அவையில் யாருக்கும் நினைவூட்ட வேண்டியதில்லை. இதே நகரத்தின் கருணாபுரத்திலும் சுற்றுப்புறங்களிலும் பாக்கெட் சாராயம் குடித்தவர்கள் அடுத்தடுத்துச் சாய்ந்தார்கள். கள்ளக்குறிச்சி, சேலம், விழுப்புரம், புதுச்சேரி மருத்துவமனைகளில் அறுபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். தாயையும் தகப்பனையும் ஒருசேரப் பறிகொடுத்த பிள்ளைகள் அவர்களில் சிலரின் வீடுகளில் இருக்கிறார்கள்.

நம் மேல்நிலை வேதியியலில் ஆல்கஹால்கள் பற்றிய பாடம் உண்டு. மெத்தனால் கல்லீரலில் ஃபார்மால்டிஹைடாக மாறும், அது ஃபார்மிக் அமிலமாகும், அந்த அமிலம் பார்வை நரம்பைத் தாக்கும், உயிரையும் எடுக்கும் என்பதை ஆசிரியர் கரும்பலகையில் எழுதி விளக்கிவிடலாம். அவசியமான பாடம் அது. ஆனால் அந்த ஜூனில் நடந்ததில் பாதியைத்தான் அது சொல்லும். மரணம் ஏன் அன்றாடங்காய்ச்சிகளின் தெருக்களையே தேடிப் போனது? 2023 மே மாதம் மரக்காணம் பக்கத்திலும் செங்கல்பட்டு மாவட்டத்திலும் இதே மெத்தனால் உயிர்களைக் குடித்து ஓராண்டே ஆகியிருந்த நிலையில், அந்தச் செய்தி ஏன் யார் கையையும் தடுக்கவில்லை? அரசுக் கடை இருக்கும் ஊரில் பாக்கெட்டுக்கு ஏன் ஆள் வருகிறது? நாள் முழுக்க மூட்டை தூக்கிய உடம்புக்கும் சாராயத்துக்கும் என்ன தொடர்பு? ஊருக்கே தெரிந்த வியாபாரம் எப்படி ஆண்டுக்கணக்கில் நடக்கிறது? செத்தவர்களின் மனைவியர் அதற்கு முன்பே என்னென்ன சொல்லிப் பார்த்தார்கள், யாரிடம் சொன்னார்கள்? இந்தக் கேள்விகளைக் கேட்க நம் பள்ளிகளின் காலஅட்டவணையில் ஒரு பாடவேளைகூட இல்லை.

இந்தக் கேள்விகளுக்கு ஒரு வரலாறும் உண்டு. சென்னை மாகாணத்தில் மதுவிலக்கு முதன்முதலில் நடைமுறைக்கு வந்தது 1937 அக்டோபர் 1 அன்று, கல்வராயன் மலைக்கு மறுபுறம் இருக்கும் சேலம் மாவட்டத்தில். 1971-இல் விலக்கு தளர்ந்தது. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தொடங்கப்பட்டது. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்குப் போனது. சட்டம் இத்தனை முறை மாறியும் மலையடிவாரத்தில் ஊறல் அடங்கவில்லை என்றால், சட்டத்துக்கும் பிழைப்புக்கும் நடுவே வேறு ஏதோ வேலை செய்கிறது. அந்த நடுவிடத்தை ஆராய்வதே சமூகவியலின் தொழில்.

1897-இல் எமில் துர்க்கைம் தற்கொலை பற்றி எழுதிய நூல் இந்தத் துறைக்கு அடித்தளமிட்டவற்றுள் ஒன்று. ஒருவர் உயிரை மாய்த்துக்கொள்வது அவருடைய சொந்தத் துயரம் என்றே உலகம் எண்ணியிருந்தபோது, நாடுவாரியாக, மதவாரியாக, குடும்ப நிலைவாரியாகக் கணக்கெடுத்து, அந்தத் துயரத்துக்குச் சமூகக் காரணங்கள் இருப்பதை அவர் காட்டினார். கருணாபுரத்துப் பிள்ளைக்கு இந்தப் பார்வை கிடைத்தால், தன் தகப்பன் குடிகாரன் என்ற அவமானத்தை மட்டும் சுமந்துகொண்டு அது வளராது. தன் வீட்டில் நடந்தது பல வீடுகளிலும் நடந்தது ஏன் என்று கேட்கத் துணியும். அறிவு ஒரு பிள்ளைக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி அதுதான் என்று நம்புகிறேன்.

2. 1916, இருவேல்பட்டு

'சமூகவியல் மேல்நாட்டுச் சரக்கு, நம் ஊருக்கு ஒட்டாது' என்று சொல்பவர்கள் உண்டு. அவர்களை நான் இருவேல்பட்டுக்கு அழைத்துப் போக விரும்புகிறேன். இன்று அது விழுப்புரம் மாவட்டத்தில் திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருக்கிறது. அன்று அந்த ஊரும் நம் கள்ளக்குறிச்சியும் ஒரே தென்னார்க்காடு மாவட்டம்.

சென்னைப் பல்கலைக்கழகத்துக்குப் பொருளியல் பேராசிரியராக வந்த கில்பர்ட் ஸ்லேட்டர், இந்தியக் கிராமத்தை அறியாமல் இந்தியப் பொருளாதாரத்தைக் கற்பிக்க முடியாது என்று கருதினார். 1916-இல் தம் மாணவர்கள் கையில் ஒரு வினாப்பட்டியலைக் கொடுத்துக் கிராமங்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், கூலி நெல்லா பணமா, பண்ணையாள் வாங்கிய கடன் என்ன, வீட்டில் எத்தனை பேர், என்ன சாப்பிடுகிறார்கள் என்று மாணவர்கள் கேட்டு எழுதி வந்தார்கள். அந்தக் குறிப்புகள் 1918-இல் நூலாயின. இருவேல்பட்டு, துசி, பாலக்குறிச்சி, கங்கைகொண்டான், வடமலாபுரம் ஆகிய தமிழ்நாட்டு ஊர்கள் அதில் இடம்பெற்றன.

கதை அத்தோடு முடியவில்லை. பி. ஜே. தாமஸும் கே. சி. ராமகிருஷ்ணனும் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்து 1940-இல் வெளியிட்டார்கள். 1960-களில் மார்கரெட் ஹாஸ்வெல் வந்தார். எஸ். குகனும் ஜோன் மென்ச்சரும் இருவேல்பட்டைத் திரும்பப் பார்த்து 1983-இல் எழுதினார்கள். 2008-இல் ஜான் ஹாரிஸ், ஜெ. ஜெயரஞ்சன், கே. நாகராஜ் ஆகியோர் மீண்டும் அங்கே போனார்கள். தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் ஒரே ஊரை, தலைமுறைக்குத் தலைமுறை, ஆட்கள் மாறி மாறிப் பார்த்திருக்கிறார்கள். பெருநிலக்காரக் குடும்பம் ஒன்றின் பிடியில் இருந்த ஊரில் அந்தப் பிடி எப்படித் தளர்ந்தது, பண்ணையை நம்பியிருந்த தலித் மக்கள் வெளிவேலைகளால் எவ்வளவு விடுபட்டார்கள், நிலம் மட்டும் இன்னும் யாரிடம் சேரவில்லை என்பதெல்லாம் அதனால் நமக்குத் தெரிய வருகின்றன. உலகத்தில் மிகச் சில கிராமங்களுக்கே இப்படியொரு நீண்ட பதிவு உண்டு.

இதில் என் மனத்தைத் தொடும் செய்தி ஒன்றே. முதல் பதிவைச் செய்தவர்கள் மாணவர்கள். நம் மேல்நிலை மாணவர்களைவிடச் சில வயதே மூத்தவர்கள். ஒரு நல்ல வினாப்பட்டியலும் கேட்டதைக் கேட்டபடி எழுதும் நேர்மையும் இருந்ததால், நூறாண்டு தாங்கும் வேலையை அவர்கள் செய்து முடித்தார்கள். தென்னார்க்காட்டு மண்ணில் மாணவர்கள் அன்று தொடங்கிய மரபு இது. அதைத்தான் திரும்பக் கேட்கிறோம்.

3. மற்றவர் எழுதிய மலை

இனி மலைக்கு வருவோம். கல்வராயன் மலையைப் பற்றி வெளியார் நிறைய எழுதியிருக்கிறார்கள். சென்னை அருங்காட்சியகத்தின் தலைவராக இருந்த எட்கர் தர்ஸ்டன், கே. ரங்காச்சாரியின் துணையோடு 1909-இல் ஏழு தொகுதிகளாக வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய நூலில் இம்மலையில் வாழும் மலையாளி என்னும் பழங்குடி மக்களுக்குத் தனி இடம் கொடுத்தார். காஞ்சிபுரத்திலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் மலையேறினார்கள் என்ற கதையை அவர் பதிந்து வைத்தார். மனிதரின் தலையையும் மூக்கையும் கருவி வைத்து அளந்து குலத்தை வகுக்கலாம் என்று நம்பிய காலத்து ஆய்வாளர் அவர். அந்த நம்பிக்கையை அறிவியல் பின்னர் கைவிட்டது. மலைமக்கள் சொன்ன கதை மட்டும் மலையில் இன்னும் உயிரோடு இருக்கிறது. அளந்தவரின் பெயர் நமக்குத் தெரிகிறது, அளக்கப்பட்டவர் என்ன நினைத்தார் என்பது எங்கும் எழுதப்படவில்லை. அதை எழுத வேண்டியவர்கள் வெள்ளிமலையிலும் கருமந்துறையிலும் இப்போது பதினொன்றாம் வகுப்புக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்.

அவர்களுக்குக் காத்திருக்கும் முதல் வேலை அவசரமானது. நாடு 1947-இல் விடுதலை பெற்ற பிறகும் கல்வராயன் மலை சடையக் கவுண்டன், குரும்பக் கவுண்டன், அரியக் கவுண்டன் என்னும் மூன்று ஜாகிர்தார் குடும்பங்களின்கீழ் இருந்தது. 1976-இல்தான் அரசு அதை நேரடியாக எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டில் இருபது வயதில் இருந்தவருக்கு இப்போது எழுபது ஆகிறது. ஜாகிரில் வரி எப்படி வாங்கப்பட்டது, பஞ்சாயத்து எப்படிக் கூடியது, பெண்ணுக்குப் பரியம் எவ்வளவு, அரசு அதிகாரி முதன்முதலாக மலையேறி வந்த நாளில் ஊர் என்ன பேசிக்கொண்டது என்பதெல்லாம் நம் பாட்டன் பாட்டிகளின் நினைவில் இருக்கின்றன. இன்னும் பத்து ஆண்டுகளில் அவற்றைக் கேட்க ஆள் இருக்காது. பேரப்பிள்ளை கேட்டால் பாட்டி சொல்வாள். பல்கலைக்கழகத்து ஆய்வாளருக்கு அதே பாட்டி வேறு விதமாகத்தான் பதில் சொல்வாள்.

இரண்டாவது வேலை, மாணவர் கையில் இருக்கும் சான்றிதழிலிருந்து தொடங்குகிறது. மலையாளி மக்கள் பழங்குடியினர் பட்டியலில் தருமபுரி, வடஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னார்க்காடு, திருச்சிராப்பள்ளி ஆகிய மாவட்டங்களுக்கு மட்டும் சேர்க்கப்பட்டிருக்கிறார்கள். பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் ஈரோடு மாவட்டத்தில் இருப்பதால் அந்தத் தகுதி இல்லாமல், அதை நெடுங்காலமாகக் கேட்டு வருகிறார்கள். தென்னார்க்காடு 1993-இல் பிரிந்தது, அந்தப் பெயரில் இன்று மாவட்டமே இல்லை. அதிலிருந்து வந்த விழுப்புரமும் பிரிந்து, 2019 நவம்பர் 26 அன்று கள்ளக்குறிச்சி மாவட்டம் செயல்படத் தொடங்கியது. ஆனாலும் பழைய மாவட்ட எல்லை ஒரு பிள்ளையின் கல்லூரி இடத்தையும் உதவித்தொகையையும் இன்றும் தீர்மானிக்கிறது. பட்டியல்களை யார் எழுதினார்கள், எந்தத் தகவலை வைத்து எழுதினார்கள், விடுபட்டவர் என்ன செய்யலாம் என்று ஒரு பதினாறு வயது மாணவி கேட்கத் தெரிந்துகொண்டால், வட்டாட்சியர் அலுவலகத்தில் அவள் நிற்கும் விதமே மாறும்.

மூன்றாவது வேலை, வேலை தேடிப் போவதைப் பற்றியது. மரவள்ளியும் சாமையும் மக்காச்சோளமும் ஆண்டு முழுக்கக் கஞ்சி ஊற்றுவதில்லை. குடும்பங்கள் மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக்கொண்டு கேரளத்து மிளகுத் தோட்டங்களுக்கும் குடகுக் காப்பித் தோட்டங்களுக்கும் போகின்றன. பிள்ளைகள் பாட்டி வீட்டிலோ உண்டு உறைவிடப் பள்ளியிலோ தங்குகிறார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில் செம்மரம் வெட்டப் போனதாகச் சொல்லிச் சுட்டுக் கொல்லப்பட்ட இருபது பேரும் தமிழ்நாட்டுக் கூலிகள். திருவண்ணாமலை, தருமபுரிப் பக்கத்து மலைகளிலிருந்து போனவர்கள் அவர்களில் பலர். அந்தக் காட்டுக்கு அவர்களை அழைத்துப் போனது யார், முன்பணம் கைமாறியது எப்படி என்ற கேள்விகள் மலைமேல் இருக்கும் ஒவ்வொரு வீட்டுக்கும் உரியவை.

2024 ஜூனுக்குப் பிறகு தொலைக்காட்சிகள் கல்வராயன் மலையைச் சாராய மலை என்றே காட்டின. மெத்தனால் எந்த மலையிலும் விளைவதில்லை, அது தொழிற்சாலையிலிருந்து வரும் பொருள். அதே காலத்தில் சென்னை உயர் நீதிமன்றம் மலையின் சாலை, மருத்துவமனை, பள்ளிக்கூட நிலையைத் தானாக முன்வந்து விசாரித்தபோதுதான், அங்கே மனிதர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பது வெளியே பேசப்பட்டது. ஒரு மலை முழுவதற்கும் ஒரே பெயர் சூட்டுவது எவ்வளவு எளிது, அந்தப் பெயரைக் களைவது எவ்வளவு கடினம் என்பதை அங்கே படிக்கும் பிள்ளைகள் பாடமாகவே கற்க வேண்டும். கற்றால்தான் எதிர்த்துப் பேசச் சான்றுகள் கையில் இருக்கும்.

4. வகுப்பறையே முதல் களம்

இங்கிலாந்தில் பதினாறு முதல் பதினெட்டு வயது வரை படிக்கும் மாணவர்கள் ஏ லெவல் படிப்பில் சமூகவியலை எடுக்கலாம். குடும்பம், கல்வி, குற்றம், மதம், ஆய்வு முறைகள் என்று பாடம் விரிகிறது. தாங்கள் உட்கார்ந்திருக்கும் பள்ளிக்கூடத்தையே ஆராயப் பழக்குவது அந்தப் பாடத்தின் சிறப்பு. அங்கே தவறாமல் சொல்லித்தரப்படும் ஓர் ஆய்வு பால் வில்லிஸ் 1977-இல் வெளியிட்டது. தொழிலாளர் குடும்பத்துப் பையன்கள் பன்னிரண்டு பேரோடு பழகி, அவர்கள் ஏன் பள்ளியைத் தள்ளிவிட்டுத் தங்கள் அப்பன்மாரின் தொழிற்சாலை வேலைக்கே போகிறார்கள் என்பதை அவர் எழுதினார்.

சின்னசேலத்திலோ சங்கராபுரத்திலோ பத்தாம் வகுப்பு முடித்த ஒரு பையன் எந்த குரூப்பில் சேர்கிறான்? மதிப்பெண் முடிவு செய்கிறது என்போம். மதிப்பெண்ணை முடிவு செய்தது எது? டியூஷன் போக முடிந்ததா, விடுமுறையில் ஜவ்வரிசி ஆலைக்கு வேலைக்குப் போனானா, அக்கா எதுவரை படித்தாள்? ஆர்ட்ஸ் குரூப்பில் உட்கார்ந்திருப்பவர்கள் எந்தத் தெருக்களிலிருந்து வந்திருக்கிறார்கள்? இந்தக் கேள்விகளோடு ஒரு வகுப்பு தன்னையே கணக்கெடுத்தால், ஒரே வாரத்தில் சமூக அடுக்கு என்றால் என்ன என்பது புரிந்துவிடும். புரிந்த பிறகு 'எனக்குப் படிப்பு வராது' என்று எந்தப் பிள்ளையும் அவ்வளவு எளிதில் சொல்லாது.

நம் நாட்டிலும் இது புதிதல்ல. சி.பி.எஸ்.இ. பள்ளிகளில் சமூகவியல் உண்டு. 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பையொட்டி எழுதப்பட்ட நூல்கள் உண்டு, எழுத்துத் தேர்வுக்கு 80, செய்முறைக்கு 20 என்று மதிப்பெண் உண்டு. கேரளத்தில் மேல்நிலை வகுப்பிலும் கர்நாடகத்தில் பி.யு. வகுப்பிலும் உண்டு. இரண்டு அண்டை மாநிலங்களின் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைப்பது நம் மாநிலப் பாடத்திட்டத்தில் இல்லை. மேல்நிலைக் கல்வி 1978-இல் தொடங்கிய மாநிலம் இது. சமூகநீதியைத் தன் அரசியலின் நடுநாயகமாக வைத்திருக்கும் மாநிலமும் இதுதான். அந்த நீதி எதற்காகத் தேவைப்பட்டது என்பதை ஆராயும் பாடத்துக்கு நம் பள்ளியில் இடம் இல்லாதது நியாயமாகாது.

5. மூன்று ஐயங்கள்

முதல் ஐயம் வேலை பற்றியது. படித்தால் என்ன கிடைக்கும் என்று பெற்றோர் கேட்பது முறையான கேள்வி. குடிமைப் பணித் தேர்வில் சமூகவியலை விருப்பப் பாடமாக எடுப்பவர்கள் ஏராளம். அவர்களில் பலர் அதை முதன்முதலாகத் தொடுவதே இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயதில், பயிற்சி மையத்துக்குப் பணம் கட்டிய பிறகுதான். செவிலியர், வழக்கறிஞர், காவலர், கிராம நிர்வாக அலுவலர், செய்தியாளர் என எந்த வேலைக்குப் போனாலும் மனிதரைக் கேட்டு அறியும் பயிற்சி தேவைப்படுகிறது. சேலம் பெரியார் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் துறை இருக்கிறது. அங்கே முதுகலை முடிப்பவர் மேல்நிலைப் பள்ளியில் தன் பாடத்துக்கு ஆசிரியராக வர வழியில்லை, பாடமே இல்லையே. பாடம் வந்தால் பணியிடமும் வரும்.

இரண்டாவது ஐயம் சாதி பற்றியது. வகுப்பில் சாதியைப் பேசினால் சண்டை வரும் என்று ஆசிரியர்கள் அஞ்சுகிறார்கள். பேசாமல் இருந்தபோது என்ன நடந்தது? 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு மாணவன் உடன்படித்தவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்டான். அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிற்றைக் கையில் கட்டுவதைத் தடுக்க வேண்டும் என்பது அதன் பரிந்துரைகளுள் ஒன்று. கயிற்றை அறுக்கலாம், அதைக் கட்டத் தூண்டிய எண்ணத்தை விசாரித்துத்தான் அகற்ற முடியும். 1916 மே 9 அன்று, இருவேல்பட்டு ஆய்வு நடந்த அதே ஆண்டில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இருபத்தைந்து வயது மாணவர் அம்பேத்கர் இந்தியாவில் சாதிகள் எப்படி உருவாகி இயங்குகின்றன என்று கட்டுரை வாசித்தார். அகமணமே சாதியின் உயிர்நாடி என்று அதில் நிறுவினார். சாதியைத் தெய்வக் கட்டளையாகவோ வசைச் சொல்லாகவோ கருதாமல், ஆராய்ந்து விளக்கக்கூடிய ஓர் ஏற்பாடாக எடுத்து வைத்த அந்த நிதானம் நம் வகுப்பறைகளுக்கு வேண்டும்.

மூன்றாவது ஐயம் எனக்கே முக்கியமானது. பிள்ளைகளை ஊரில் கேள்வி கேட்கச் சொன்னால் அவர்களுக்கும் ஊருக்கும் தீங்கு வராதா? வரக்கூடும். ஆகவே நெறிமுறையே முதல் பாடமாக இருக்க வேண்டும். எம். என். ஸ்ரீநிவாஸ் மைசூருப் பக்கத்துக் கிராமத்தை ராம்புரா என்றும், ஆந்திரே பெத்தேய் தஞ்சை ஊரை ஸ்ரீபுரம் என்றும், காத்லீன் கஃப் இன்னொரு தஞ்சை ஊரைக் கும்பப்பேட்டை என்றும் புனைபெயரில் எழுதினார்கள். தங்களை நம்பிப் பேசியவர்களைக் காக்கவே அப்படிச் செய்தார்கள். யார் சாராயம் காய்ச்சுகிறார் என்று துப்பறியும் வேலை மாணவருக்கு ஒருபோதும் தரப்படக் கூடாது. அனுமதி கேட்பது, மறுத்தால் மதிப்பது, பெயரை மறைப்பது, எழுதியதைச் சொன்னவரிடமே படித்துக் காட்டுவது என்ற ஒழுங்குகளை ஒரு பதினேழு வயதுப் பிள்ளை கற்றுக்கொண்டால், வாழ்நாள் முழுக்க அது அவரை நல்ல மனிதராக வைத்திருக்கும்.

6. என்ன செய்யலாம்

என் வேண்டுகோளை நான்கு வரிகளில் சொல்லி முடிக்கிறேன்.

மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம் அடுத்த பாடத்திட்டத் திருத்தத்தில் சமூகவியலை மேல்நிலை விருப்பப் பாடமாகச் சேர்க்க வேண்டும். ஆசிரியர் தேர்வு வாரியம் அதற்கு முதுகலை ஆசிரியர் பணியிடங்களை அறிவிக்க வேண்டும்.

கல்வராயன் மலையின் பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகளில் முன்னோட்டமாக இதைத் தொடங்க வேண்டும். நூலைத் தமிழிலேயே எழுத வேண்டும். வேறு மொழியில் எழுதி மாற்றிய நூலாக அது இருக்கக் கூடாது. கூவாகத்தில் சித்திரைதோறும் கூடும் திருநங்கையர், கரும்பு ஆலைகளின் வெட்டாட்கள், 2021-இல் புவிசார் குறியீடு பெற்ற கள்ளக்குறிச்சி மரச்சிற்பங்களைச் செதுக்குவோர் என இந்த மாவட்டத்து வாழ்க்கை அதில் எடுத்துக்காட்டாக வர வேண்டும்.

ஒவ்வொரு மாணவரும் இரண்டு ஆண்டுகளில் ஒரு கள ஆய்வை முடிக்க வேண்டும். அந்த ஆய்வுகள் பள்ளி நூலகத்தில் நிலையாக வைக்கப்பட வேண்டும். இருபது ஆண்டு கழித்து வரும் மாணவர் அதே ஊரை மறுபடி ஆராய்வார்.

நான்காவது வரி இந்த அவைக்கு. பாடம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். இந்த அறக்கட்டளை அடுத்த ஆண்டு முதல், ஜாகிர் காலத்தை நேரில் கண்ட பெரியவர்களிடம் மேல்நிலை மாணவர்கள் கேட்டு எழுதும் பதிவுகளுக்கு ஒரு பரிசை நிறுவ வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். மலையிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளே, பரிசு அறிவிக்கப்படும்வரையும் காத்திருக்காதீர்கள். இந்தப் பொங்கல் விடுமுறையிலேயே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தொடங்குங்கள். ஸ்லேட்டரின் மாணவர்கள் தொடங்கியதும் ஒரு வினாப்பட்டியலோடுதான். உங்கள் மலையைப் பற்றி அடுத்து வரும் நூலை நீங்கள் எழுத வேண்டும், அதை நாங்கள் படிக்க வேண்டும்.